பூஸ்டை ஏற்றும் முன் பெட்ரோலைக் கணக்கிடுங்கள்



நம் ஆட்டோமொபைல் பிரிவில் யாரைக் கேட்டாலும் டர்போ, ஹார்ஸ் பவர் என்றுதான் பேச்சு. "பூஸ்டைக் கொஞ்சம் ஏத்திவிட்டா வண்டி பறக்கும்டா" என்று சொல்லாதவர் நம் ஹாஸ்டலில் இல்லை. நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். போன கோடை விடுமுறையில் கோவையில் ஒரு பட்டறைக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு என் பேச்சு மாறிவிட்டது. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அது புரிய வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் பாடம் தேவை.

காற்று ஒரு பக்கம், பெட்ரோல் ஒரு பக்கம்

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்று படித்திருக்கிறோம். டர்போ செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அது ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூடக் கொண்டு வராது. கூடுதல் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலைத் தர வேண்டியவை டேங்கில் இருக்கும் பம்ப், ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டர் ஆகிய நான்கும்தான்.

ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது டர்போ வண்டிக்கு 14.7 என்ற கணக்கும் போதாது. பொதுவாக 11.5 முதல் 12 வரை வைப்பார்கள். அதாவது காற்றுக்குத் தேவையானதைவிட அதிகப் பெட்ரோல். எரியாமல் மிஞ்சும் அந்தப் பெட்ரோல் வீணல்ல. ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சி சிலிண்டரைக் குளிர்விக்கிறது, நாக்கிங் வராமல் தடுக்கிறது.

எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியிருக்க பிஸ்டன் எப்படித் தப்பிக்கிறது? அதன் தலையை ஒட்டி ஒரு மெல்லிய வாயுப் படலம் போர்வை போல நிற்கிறது. உள்ளே வருகிற சூடு ரிங்குகள் வழியாக சிலிண்டர் சுவருக்கும், அங்கிருந்து கூலன்ட்டுக்கும் போய்விடுகிறது. கலவை லீனாகி நாக்கிங் வந்தால், அந்த அழுத்த அலை போர்வையைக் கிழித்துவிடும். பிறகு ரிங் பள்ளம் உடையும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். எல்லாம் சில விநாடி வேலை.

சுப்ராவை வைத்து ஒரு கணக்கு

நம்மில் பலர் ரூம் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் டொயோட்டா சுப்ராவையே எடுத்துக்கொள்வோம். 1993 முதல் 2002 வரை ஜப்பானில் தயாரான அந்த மாடலின் டர்போ வண்டிக்கு 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற இன்ஜின். ஆறு சிலிண்டர், 2,997 சி.சி., போர் 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 86 மி.மீ., வார்ப்பிரும்பு பிளாக், இரண்டு டர்போ.

ஜப்பானில் விற்ற வண்டிக்கு 280 குதிரைத்திறன், அமெரிக்காவுக்குப் போன வண்டிக்கு 320 என்று கம்பெனி அறிவித்தது. ஜப்பான் வண்டியின் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 440 சி.சி. பெட்ரோல் விடும். அமெரிக்க வண்டியில் 550 சி.சி. போட்டார்கள். கவனியுங்கள், பவர் கூடிய வண்டிக்கு இன்ஜெக்டரும் பெரிசு.

இதே இன்ஜினிலிருந்து 500 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் இன்ஜினில் முழு லோடில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6 சி.சி. பெட்ரோல் என்பது கைக்கணக்கு. 500-ஐ 6-ஆல் பெருக்கினால் 3,000 சி.சி. அதை ஆறு இன்ஜெக்டருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 500 சி.சி. 440 இன்ஜெக்டரை மூடாமலே திறந்து வைத்தாலும் பற்றாது!

ஆனால் எந்த இன்ஜெக்டரையும் முழு நேரமும் திறந்து வைக்கக் கூடாது. 6,000 ஆர்.பி.எம்.-மில் ஒரு சிலிண்டரின் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிய 20 மில்லி விநாடிதான் ஆகும். அதில் 80 சதவீதம், அதாவது 16 மில்லி விநாடிக்குமேல் திறந்திருக்காமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். எனவே 500-ஐ 0.8-ஆல் வகுத்தால் 625 சி.சி. கடையில் 650 கிடைத்தால் வாங்கலாம். "அப்போ 1,500 சி.சி.-யே போட்டுடலாமே" என்று கேட்காதீர்கள். ஐடிலிங்கில் அதற்குத் தேவையான நேரம் மிகக் குறுகிவிடும். கட்டுப்படுத்துவது கஷ்டம். வண்டி சிக்னலில் நின்று நின்று அணையும்.

அடுத்தது பம்ப். நிமிடத்துக்கு 3,000 சி.சி. என்றால் மணிக்கு 180 லிட்டர். பம்ப் அட்டையில் 180 என்று போட்டிருந்தால் போதுமா? போதாது. ரெகுலேட்டர் 3 பாரில் இருக்கிறது, பூஸ்ட் 1 பார் என்றால், பம்ப் 4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். அழுத்தம் ஏற ஏறப் பம்ப் தரும் அளவு இறங்கும். மெல்லிய பழைய ஒயரில் வோல்டேஜ் குறைந்தாலும் இறங்கும். அதனால் 4 பாரில் எவ்வளவு தருகிறது என்று பார்த்து, 20 சதவீதமாவது கூடுதலாக வைத்து, ரிலே போட்டுத் தனி ஒயர் இழுக்க வேண்டும்.

சிலர் பெரிய இன்ஜெக்டருக்குப் பதிலாக ரெகுலேட்டரை மட்டும் திருகுவார்கள். அழுத்தம் 3-லிருந்து 4 பாருக்குப் போனால் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்கு கூடாது. வர்க்கமூலக் கணக்குப்படி 15 சதவீதம்தான் கூடும். பம்புக்கோ பாரம் ஏறிவிடும்.

நம் ஊர் பெட்ரோலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் 1 கிலோவுக்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே இந்தக் கலவைக்கு 14.7 என்பது சுமார் 13.5 ஆகிறது. அதே காற்றுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். எத்தனால் நாக்கிங்கைத் தாங்கும் என்பது ஆறுதல். ஆனால் வெளிநாட்டு மேப்பை அப்படியே ஏற்றினால் வண்டி லீனாக ஓடும்.

எதற்குப் பின் எது?

முதலில் அகன்ற அளவு காட்டும் ஆக்சிஜன் சென்சாரும் மீட்டரும். வண்டியோடு வரும் பல பழைய சென்சார்கள் 14.7-க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் சொல்லும். அடுத்து ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர். பிறகு ஈ.சி.யு.-வில் புதிய இன்ஜெக்டருக்கு ஏற்ற மேப். அதன்பின் இக்னிஷன் டைமிங்கைச் சற்றுப் பின்தள்ளி வைத்துக்கொண்டு, பூஸ்டைப் படிப்படியாக ஏற்றுவது. பூஸ்ட் கடைசியில்தான். நாம் பேசுவதோ அதை முதலில்!

இதையெல்லாம் இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி டிராக்கில் ஓடும் வண்டிக்குச் சொல்கிறேன். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தராது.

இனி அந்தப் பிஸ்டன் கதை

பட்டறைக்கு நான்கு சிலிண்டர் டர்போ கார் ஒன்று வந்தது. உரிமையாளர் வேறெங்கோ பூஸ்டை 1 பாருக்கு ஏற்றியிருந்தார். பம்ப் பழசு. டைனோவில் ஏற்றினோம். அண்ணன் ஓட்டுகிறார், மீட்டரைப் பார்ப்பது என் வேலை. முதல் இரண்டு ஓட்டம் 5,000 ஆர்.பி.எம். வரை. மீட்டர் 11.8. பிரமாதம். மூன்றாவது ஓட்டத்தில் 5,500-ஐத் தாண்டியதும் 12.4... 12.9... 13.3.

நான் பார்த்தேன். சென்சார் பழுதோ என்று நினைத்தேன். பயிற்சிக்கு வந்த பையன், அண்ணன் ஓட்டும்போது நிறுத்தச் சொல்வதா என்றும் நினைத்தேன். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். 'பட்'டென்று ஒரு சத்தம். பின்னால் நீலப் புகை.

ஹெட்டைக் கழற்றினால் நான்காவது பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

"தம்பி, மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?"

"பதிமூணு மூணுங்கண்ணா."

"பார்த்துட்டு ஏன் கண்ணு கையைக் காட்டலை?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் பம்பை அளந்தோம். நாங்கள் எதிர்பார்த்த 220 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 1,320 சி.சி. வேண்டும். 4 பாரில் அது தந்தது 1,100. இந்தப் பெருக்கலை முன்னாடியே போட ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நானும்தான் அளக்காம ஏத்தினேன்" என்று சொல்லி, பிஸ்டனைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

அது இப்போது நம் இன்ஜின் லேப் அலமாரியில், மேல்தட்டில் இருக்கிறது. ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே, ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மீட்டர் முன்னால் உட்கார்ந்தால், ஓட்டுபவர் யாராக இருந்தாலும், எண் தப்பினால் உடனே கையைக் காட்டுங்கள். சென்சார் பழுதா இல்லையா என்பதை வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு