தோட்டத்துப் பறவைகளை அருகிருந்து அவதானித்தல்

நெற்கதிர் பாற்பருவம் அடையுங் காலத்திலே பறவைகள் வயலை நாடிக் கூட்டங்கூட்டமாக வருவதைக் கமக்காரர் அறிவர். கிளியும் தினைக்குருவியும் கதிரைக் கொத்துகின்றன. மிளகாய்த் தோட்டத்திலே கொண்டைக்குருவி பழத்தைச் சேதப்படுத்துகின்றது. ஆகவே, பறவை யாவும் பகையே எனக் கருதி நஞ்சு வைப்போரும் உளர். ஆயினும், குற்றஞ் சாட்டுமுன் பறவையின் அலகில் இருப்பது யாது எனப் பார்த்தல் வேண்டும். அதற்கு அருகிருந்து அவதானிப்பதும் படம் எடுப்பதும் சிறந்த வழிகளாம்.

எருதினுள் ஒரு கமரா

இங்கிலாந்திலே யோர்க்சயர்க் கிராமமொன்றிற் பிறந்த ரிச்சட் கியட்டன், செரி கியட்டன் என்னும் சகோதரர் இக்கலையின் முன்னோடிகளாவர். பறவைக் கூடுகளைப் பற்றிய அவர்களது நூல், கமராவினால் எடுக்கப்பட்ட படங்களுடன் 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனிதனைக் கண்டு பறக்கும் பறவை மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை. இதனை உணர்ந்த அவர்கள், 1900ஆம் ஆண்டளவில் மரச்சட்டத்தின் மேல் எருதின் தோலைப் போர்த்து, அதனுள் ஒளிந்திருந்து படம் எடுத்தனர்.

இவ்வுண்மையை இந்நாட்டுக் கமக்காரர் நாள்தோறும் காண்கின்றனர். உழவின் பின்னே உண்ணிக்கொக்கு நடந்து, மண்ணிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிக்கின்றது. வடபகுதியிலே கரிக்குருவி மாட்டின் முதுகில் அமர்ந்திருந்து வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடிக்கின்றது.

மறைப்பு அமைக்கும் முறை

நான்கு தடிகளை நட்டுக் கிடுகினால் அடைத்தால் ஒருவர் இருக்கத்தக்க மறைப்பு ஆயத்தமாகிவிடும். அதனைச் சில நாட்கள் வெறுமனே விட்டுவைத்தால் பறவைகள் பழகிவிடும். இருவர் உள்ளே சென்று ஒருவர் வெளியேறினால், மறைப்பில் எவருமில்லை எனப் பறவைகள் எண்ணிக்கொள்வதுண்டு. பதினைந்து அல்லது இருபது அடி தூரத்தில் ஒரு காய்ந்த கொப்பை நட்டு, அதனருகே வாயகன்ற சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் வைத்தல் நன்று. நுளம்பு பெருகாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்றல் வேண்டும். காலை வெயில் அவதானிப்பவரின் முதுகுப்புறத்தில் விழுதல் நலம். விலையுயர்ந்த கமரா தேவையில்லை. இன்று பலரிடம் உள்ள கைத்தொலைபேசியே தொடங்குவதற்குப் போதும்.

கூட்டை நெருங்குதலும் அதனை மறைக்கும் கொப்புகளை வெட்டுதலும் கூடாது. தாய்ப்பறவை கூட்டைக் கைவிடக்கூடும். காகமும் பூனையும் முட்டைகளைக் கண்டுகொள்ளும்.

அவதானிப்பினால் அறிவன

தானியம் உண்ணும் சிட்டுக்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் புழுபூச்சிகளையே பெரிதும் ஊட்டுகின்றது. புலுனிக் கூட்டம் சருகுகளைக் கிளறிப் பூச்சிகளைத் தின்கின்றது. செண்பகம் மயிர்க்கொட்டியையும் நத்தையையும் உண்கின்றது. கூகை தங்கும் இடத்தின் கீழே அது கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தால், எலியின் எலும்பும் மயிரும் காணப்படும். இதற்குக் கமராவும் வேண்டியதில்லை.

அவதானியாது அழித்தலின் விளைவைச் சீனா கண்டது. தானியத்தை உண்கின்றதென 1958ஆம் ஆண்டில் அங்கே சிட்டுக்குருவியை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. பயிரைத் தின்னும் பூச்சிகள் பெருகின. 1960ஆம் ஆண்டில் ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலிலிருந்து சிட்டுக்குருவி நீக்கப்பட்டு, மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது.

கமக்காரர் செய்யத்தக்கது

நாள், பயிர், பறவை, அதன் அலகில் இருந்த இரை ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிப் படத்துடன் ஒப்பிடல் வேண்டும். ஒரு போகம் இவ்வாறு செய்தால், காவல் தேவைப்படும் நாட்கள் எவை, பறவைகள் உதவி புரியும் நாட்கள் எவை என்பது தெளிவாகும். கதிர் முற்றும் வரை ஒலியெழுப்பியும் வெருளி கட்டியும் பறவைகளை விரட்டலாம். நஞ்சிட்ட தானியமோ நட்பையும் பகையையும் வேறுபடுத்தாது கொல்லும். கூலி கேளாது புழு பொறுக்கும் வேலையாளைக் கமக்காரர் தம் கையாலேயே இழத்தல் தகாது.