நூல்நிலையமும் நம் வீட்டுக் குழந்தைகளும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர்; ஆனால் தமிழ் படிப்பதில்லை. பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழைக் கூடப் பெற்றோர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்து மறைந்த வீட்டில் பேச்சு மட்டும் எத்தனை தலைமுறை நிலைக்கும்?

இக்குறைக்கு மருந்து இந்நகரிலேயே உண்டு. பாளையத்திலுள்ள மாநில மத்திய நூல்நிலையம் 1829ஆம் ஆண்டில், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் தோன்றியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூல்நிலையங்களுள் அஃது ஒன்று. விக்டோரியா மகாராணியாரின் வைரவிழா நினைவாக எழுந்த அதன் கட்டடம் 1900இல் கட்டப்பெற்றது. மலையாளம், ஆங்கிலம் முதலிய மொழி நூல்களோடு தமிழ் நூல்களும் அங்கே இருக்கின்றன. சிறுவர்க்கெனத் தனிப் பகுதியும் உண்டு.

கேரளத்தில் நூல்நிலைய இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கர் 1995இல் மறைந்த ஜூன் 19ஆம் நாள், வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டி நடைபெறும் வாசிப்பு, வினாடி வினாப் போட்டிகளில் நம் பிள்ளைகளும் கலந்துகொள்கின்றனர். அந்த ஊக்கம் தமிழுக்கும் பயன்பட வேண்டாமா?

மலையாளம் கற்ற குழந்தைக்குத் தமிழ் எளிதே. ழகரம், ளகரம், றகரம் மூன்றும் அதற்கு முன்பே பழக்கமானவை. இடறும் இடங்கள் இரண்டு. மலையாளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துக்கள், தமிழில் ஒன்றே. கடல், பகல், தங்கம் என்னும் சொற்களில் அவ்வோரெழுத்தே வெவ்வேறாக ஒலிக்கிறது. மேலும், மலையாளத்தில் அவனுக்கும் அவளுக்கும் வினைமுற்று ஒன்றே. தமிழிலோ வந்தான், வந்தாள் என மாறும். இவ்விரண்டும் உரக்கப் படிப்பதால் தாமே படியும்.

ஆதலின் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையை உறுப்பினராகச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு தமிழ் நூலேனும் எடுத்துவரச் செய்யுங்கள். நூலைத் தேர்பவர் குழந்தையாகவே இருக்கட்டும். நாள்தோறும் இரண்டு பக்கம் உரக்கப் படிக்கட்டும். ஞாயிறன்று அக்கதையைத் தன் சொல்லால் சொல்லட்டும். பின்னர் நான்கு வரி எழுதட்டும். தொடக்கத்திற்குப் பாடல்கள் ஏற்றவை. இந்நகரில் ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை குழந்தைகளுக்கெனவே பாடினார் அன்றோ? பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடினால், மாதமொரு முறை தமிழ்க் கதை நேரம் நடத்த இடம் தருமாறு நூலகரை வேண்டலாம்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதும் ஒன்று. எவரும் கேளாத மொழிக்குப் புதிய நூல் வாங்க எந்த நூல்நிலையமும் முற்படாது. தமிழ் அலமாரியைத் தேடி நம் குழந்தைகள் சென்றால்தான் அது வளரும். அவர்தம் தமிழும் வளரும்.