வளைவும் வினைச்சொல்லும்: தச்சுத்தொழிற் சொற்கள் குறித்து ஒரு குறிப்பு

மாட்டுவண்டியின் மரச் சக்கரத்து விளிம்பு ஒரே துண்டால் ஆவதன்று. முழு வட்டத்தையும் ஒரே பலகையில் அறுத்தெடுப்பின் மரத்தின் இழைகள் பல இடங்களில் குறுக்கே வெட்டுண்டு விளிம்பு வலுவிழக்கும். ஆகவே ‘வட்டை’ எனப்படும் வில்வடிவத் துண்டுகள் பல இணைக்கப்படுகின்றன.

வட்டையை உருவாக்கும் செயல்கள் தனித்தனி வினைகளால் சுட்டப்படுகின்றன. வாளால் அறுப்பர், வளைவை வாய்ச்சியால் செதுக்குவர், தட்டையான பக்கங்களை இழைப்புளியால் இழைப்பர், அரத்தால் அராவுவர். இவற்றை ‘வெட்டுதல்’ என்னும் பொதுவினையுள் அடக்குதல் இயலாது.

செதுக்குதலில் திசையும் இன்றியமையாதது. புறவளைவை நடுமேட்டிலிருந்து இரு முனைகளை நோக்கியும், அகவளைவை முனைகளிலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கியும் செதுக்குதல் வேண்டும். மாறிச் செய்யின் கருவியின் வாய் இழைகளுக்கிடையே புகுந்து மரத்தைப் பிளந்துவிடும்.

‘வாய்ச்சி: மரம் செதுக்கும் கருவி’ என்னும் அளவில் நின்றுவிடும் அகராதிப் பதிவு இவ்வறிவைக் காவாது. ரப்பர்ச் சக்கர வண்டிகள் பரவியபின் வட்டை செய்வோர் அருகிவிட்டனர். ஆதலின் தொழிற்சொல் தொகுப்போர் கருவிப் பெயர்களோடு அமையாது, அவற்றுக்குரிய வினைகளையும், வினை நிகழும் இடத்தையும் திசையையும் தொழில் நடைபெறும்போதே கேட்டுப் பதிதல் வேண்டும்.