பத்து சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டம்!



விளையாட்டுக் கட்டுரை என்றதும் கிரிக்கெட், வாலிபால், கபடி என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். இது கொஞ்சம் வேற மாதிரி. நம்ம வொர்க்ஷாப்பில் இருக்கிற வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 மி.மீ. "இந்த ரெண்டாவது தசமத்துக்கெல்லாம் மார்க்கைக் குறைக்கலாமா சார்?" என்று லேபில் முணுமுணுக்காதவர் நம்மில் யார்? ஆனால் ஒரு நாட்டின் கல்லூரி சாம்பியன் யார் என்பதை நான்காவது தசமம் வரை போய்ப் பார்த்து முடிவு செய்கிற ஆட்டம் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸ்!

மார்க் போடுவது எப்படி?

பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் நான்கு பிரிவுகள். ஓடி வந்து மேஜையில் கையூன்றிப் பாயும் வால்ட். உயரம் வேறுபட்ட இரண்டு கம்பிகளில் சுழலும் அன்ஈவன் பார்ஸ். ஒற்றை விட்டத்தின் மேல் ஆடும் பேலன்ஸ் பீம். 12 மீட்டர் சதுரத்தில் இசையோடு ஆடும் ஃப்ளோர்.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கல்லூரியின் சார்பில் ஆறு பேர் ஆடுவார்கள். ஆளுக்கு 10 மார்க். ஆறில் மிகக் குறைந்த மார்க்கைத் தள்ளிவிட்டு மீதி ஐந்தைக் கூட்டுவார்கள். ஆக, ஒரு பிரிவுக்கு 50, நான்குக்கும் சேர்த்து 200. (நம்ம இன்டர்னல் டெஸ்டிலும் மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டால் எவ்வளவு நல்லா இருக்கும்!)

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழே விழுந்தால் 0.5 போச்சு. ஒரு பிரிவில் ஒருத்தி விழுந்தால் பரவாயில்லை, அவள் மார்க்கைத் தள்ளிவிடலாம். இரண்டு பேர் விழுந்தால்? ஒருத்தியின் வீழ்ச்சி கணக்கில் சேர்ந்தே தீரும். முதலில் ஆடியவள் விழுந்துவிட்டால் பின்னால் வரும் ஐந்து பேருக்கும் அந்த பயம் தொற்றிக்கொள்ளும். தனித்தனியாக ஆடினாலும் இது கூட்டு விளையாட்டு என்பது அதனால்தான். தரையிறங்கும்போது ஒரு சின்ன அடி எடுத்து வைத்தாலே 0.05 அல்லது 0.10 கழிந்துவிடும். பல நடுவர்களின் மார்க்கைச் சராசரி எடுப்பதால்தான் நான்காவது தசமம் வருகிறது.

ஒலிம்பிக்கில் 1976-இல் மாண்ட்ரியலில் நாடியா கொமனேச்சி முதல் முறையாக முழு 10 வாங்கினார். ஸ்கோர் போர்டில் 10 காட்ட வழியில்லாமல் 1.00 என்று காட்டியது! சர்வதேசப் போட்டிகளில் அந்த முறையை 2006-இல் கைவிட்டார்கள். கல்லூரிப் போட்டியில் மட்டும் அந்த 10 இன்றும் உயிரோடு இருக்கிறது.

எல்லாம் நம்ம மெக்கானிக்ஸ்தான்!

பேலன்ஸ் பீமின் நீளம் 5 மீட்டர், உயரம் 125 செ.மீ., அகலம் வெறும் 10 செ.மீ. உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் கோடு பாதத்தின் பரப்புக்குள் விழவேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 5 செ.மீ.தான் இடம். அதற்குள்ளேயே அந்தப் பெண் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து வந்து நிற்கிறாள். கொஞ்சம் ஆடிப்போய்க் கையை வீசிச் சமாளித்தால் அதற்கும் மார்க் குறையும்.

காற்றில் எழும்பிய பிறகு அவளால் சுழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ தரையின் உதவி கிடையாது. கோண உந்தம் மாறாது. ஆனால் முழங்காலை மார்போடு மடக்கினால் நிலைமத் திருப்புத்திறன் குறைகிறது, வேகமாகச் சுழல்கிறாள். இறங்கும் முன் உடலை விரித்தால் சுழற்சி மெதுவாகிறது. இறங்கும்போது முழங்காலை மடக்குவது நிற்கிற நேரத்தைக் கூட்டி, எலும்பின் மேல் விழும் விசையைக் குறைக்க. நாம் பார்முலாவாக எழுதுவதை அவர்கள் உடம்பாலேயே எழுதுகிறார்கள், அவ்ளோதான் வித்தியாசம்!

ஒரு சட்டம் திறந்த கதவு

இந்தப் போட்டி தானாக வளர்ந்துவிடவில்லை. அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாட்டால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 1972-இல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அந்த வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை! ஆனாலும் மைதானமும் பயிற்சியாளரும் உதவித் தொகையும் பெண்களுக்கும் வேண்டும் என்று கேட்க அதுவே ஆயுதமாயிற்று. என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன் போட்டியை 1982-இல் தொடங்கியது. முதல் ஐந்து ஆண்டும் யூட்டா பல்கலைக்கழகமே வென்றது. 1996 வரை யூட்டா, ஜார்ஜியா, அலபாமா என மூன்று கல்லூரிகளைத் தவிர வேறு யாருக்கும் கோப்பை கிடைக்கவில்லை. 2025 வரை பார்த்தாலும் வென்றவை எட்டே கல்லூரிகள்தான்.

2014-இல் ஃபுளோரிடாவும் ஓக்லஹோமாவும் ஒரே மார்க் எடுத்துப் பட்டத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. நான்கு பிரிவு, இருபது மார்க் கூட்டியும் சமம்!

கடைசி ஆள், கடைசி ஆட்டம்

இப்போது கதைக்கு வருவோம். 2018 ஏப்ரல், செயின்ட் லூயிஸ் நகரம். ஓக்லஹோமா அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் சாம்பியன். அதை எதிர்த்து லாஸ் ஏஞ்சல்ஸின் யு.சி.எல்.ஏ. கடைசிச் சுற்றில் யு.சி.எல்.ஏ.வுக்கு வந்தது பீம். கடைசி ஆளாக ஏறியவர் கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டின் பெங்பெங் லீ.

இந்தப் பெண்ணின் கதையைக் கேளுங்கள். முழங்கால் காயத்தால் 2012 லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பைப் பறிகொடுத்தவர். கல்லூரியில் சேர்ந்த பிறகும் முதல் இரண்டு சீசன் ஆட முடியவில்லை. அதே லண்டனில் அமெரிக்க அணியோடு தங்கம் வென்ற கைலா ராஸ், 2018-இல் இவருடைய அணித் தோழி! இவர்களின் பயிற்சியாளர் வலோரி கோண்டோஸ் ஃபீல்டோ ஜிம்னாஸ்டிக்ஸே ஆடாதவர், பாலே நடனக்காரி. ஆனாலும் ஏழு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர்.

லீ ஆடி முடித்து இறங்கினார். மார்க் 10. முழுசாகப் பத்து! யு.சி.எல்.ஏ. 198.0750, ஓக்லஹோமா 198.0375. வித்தியாசம் 0.0375. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவர் 9.95 வாங்கியிருந்தாலும் கோப்பை கைவிட்டுப் போயிருக்கும். இறங்கும்போது ஒரே ஒரு சின்ன அடி போதும், எல்லாம் காலி!

விழுந்தவர்களும் எழுந்தார்கள்

அந்த ஓக்லஹோமா அப்புறம் 2019, 2022, 2023 என்று வென்றது. 2024-இல் தரவரிசையில் முதலிடத்தோடு போய், அரையிறுதியில் வால்ட்டிலேயே சறுக்கி, இறுதிக்கே வராமல் வெளியேறியது. அந்த ஆண்டு லூசியானா மாநிலத்தின் எல்.எஸ்.யூ. முதல் முறையாகக் கோப்பையைத் தொட்டது. ஓக்லஹோமா பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2025-இல் திரும்பி வந்து பட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களே, இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! ஒரு செமஸ்டரில் விழுந்தது கணக்கில் ஏறிவிட்டது, உண்மைதான். ஆனால் அடுத்த செமஸ்டர் வந்துகொண்டே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தள்ளிவிடப்படும் அந்த ஆறாவது மார்க் வீண் இல்லை. ஆறாவதாக ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் மற்ற ஐந்து பேரும் துணிந்து ஆடுகிறார்கள். நம் வகுப்பிலும், நம் சங்கத்திலும் அப்படிப் பெயர் எண்ணப்படாமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மலரை விரிக்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைப்போம்.



— மூன்றாமாண்டு மாணவி, இயந்திரவியல் துறை