எல்லோரும் ஒரே கட்டடத்தைப் படமெடுத்தால்?

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையில் ‘மெட்ராஸ் டே’ நடைகள் களைகட்டும். விடுமுறை நாள் காலையில், வெயில் ஏறுமுன் கடற்கரைச் சாலையில் கேமராவும் செல்போனுமாக ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். எதிரே ராபர்ட் சிஷோம் வடிவமைத்து, 1879-இல் கட்டி முடிக்கப்பட்ட செனட் ஹவுஸ். முப்பது பேர் வந்தால் முப்பது பேரும் அதே கோபுரங்களையும் அதே வளைவுகளையும்தான் எடுப்பார்கள். போட்டிக்கு அனுப்ப ஒன்றிரண்டு தேறும். மிச்சமெல்லாம் வீண் என்றுதானே தோன்றும்? அந்த மிச்சத்தை மொத்தமாக ஒரு கணினியிடம் கொடுத்துப் பாருங்கள். நாலாபுறமும் சுழற்றிப் பார்க்கக்கூடிய முப்பரிமாணக் கட்டடமாக அதைத் திருப்பித் தந்துவிடும்.

ஒற்றைப் படத்தால் இது முடியாது. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவில் எடுத்தாலும், படத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சேதியைத்தான் சொல்லும்: ஒளி இந்தத் திசையிலிருந்து வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று சொல்லாது.

தூரம் தெரிய இரண்டாவது இடம் வேண்டும். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். விரல் சட்டென்று தாவும். பின்னால் உள்ள சுவர் கொஞ்சம்தான் அசையும். பக்கத்தில் இருப்பது அதிகம் நகர்வதும், தொலைவில் இருப்பது குறைவாக நகர்வதுமான இந்த விளைவுக்கு ‘இடமாறு தோற்றம்’ என்று பெயர்.

இதை எண்ணால் அளந்து பார்க்கலாம். 12 மெகாபிக்சல் செல்போன் படத்தின் அகலம் சுமார் 4,000 புள்ளிகள். 50 மீட்டர் தள்ளியிருக்கும் கோபுரத்தை ஒருமுறை எடுத்துவிட்டு, ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்து மறுபடி எடுத்தால், படத்தில் அது ஏறக்குறைய 58 புள்ளிகள் இடம் மாறும். கோபுரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் சுவரோ 57 புள்ளிகள் மாறும். வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி! அதுவே பத்து மீட்டர் தள்ளி நிற்கும் இன்னொருவரின் படத்தோடு ஒப்பிட்டால், வித்தியாசம் 11 புள்ளிகளாகிவிடும். தனி ஆளைவிடப் பரவி நிற்கும் கூட்டம் ஆழத்தைத் துல்லியமாகக் காண்பது இப்படித்தான். நின்ற இடத்திலேயே சுழன்று எடுக்கும் பனோரமாவில் எத்தனை படங்கள் சேர்ந்தாலும் ஆழம் கிடைக்காது. கால் நகர்ந்தே ஆக வேண்டும்.

படத்தை வைத்தே கட்டடத்தை அளக்கும் இந்தக் கலைக்கு ‘ஒளிப்பட அளவியல்’ என்று பெயர். இதற்கு வயது 160-க்கும் மேல். 1858-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளந்துகொண்டிருந்த ஆல்பிரெக்ட் மைடன்பவர், உயரத்திலிருந்து விழ இருந்து தப்பினார். சுவரில் ஏறி அளப்பதற்குப் பதிலாகப் படத்தில் அளந்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் வந்தது. அதே 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக 21 படங்களில் பிடித்து, சுமார் 19 அடி நீளச் சுருளாக ஒட்டினார். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தில் எங்கே பொருந்துகிறது என்பதை மனிதக் கண்தான் அப்போது தேட வேண்டியிருந்தது.

இன்று கணினி தேடுகிறது. ஒவ்வொரு படத்திலும் தூண் தலைப்பின் மூலை, செங்கல் உடைந்த இடம், வண்ண ஓட்டின் விளிம்பு என்று ஆயிரக்கணக்கான ‘அடையாளப் புள்ளி’களைப் பொறுக்கும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ 2004-இல் விரிவாக வெளியிட்ட முறையில், ஒவ்வொரு புள்ளிக்கும் 128 எண்களால் ஆன ஓர் அங்க அடையாளம் உண்டு. கேமராவைச் சாய்த்து எடுத்தாலும், தள்ளி நின்று எடுத்தாலும், அந்த எண்கள் பெரிதாக மாறுவதில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பூவேலையும் கறையும் விரிசலும் நிறைந்த பழங்கட்டடம் கணினிக்குக் கொண்டாட்டம். பழைய மகாபலிபுரம் சாலையில் பளபளக்கும் கண்ணாடிக் கட்டடங்கள் திண்டாட்டம்: பிடித்துக்கொள்ள அடையாளமே இல்லை, தெரிவதும் எதிர்வரிசைக் கட்டடத்தின் பிம்பம். பழங்கட்டடத்திலும் சிக்கல் உண்டு. வரிசையாக ஒரே மாதிரி வளைவுகள் இருந்தால், மூன்றாவதை நான்காவது என்று கணினி நினைத்துவிடும். அதனால் சில புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து ஒரு ஊகம் செய்து, மற்ற புள்ளிகளிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. எந்த ஊகத்துக்கு அதிக ஆதரவோ அது நிற்கும். முரண்படும் புள்ளிகள் வெளியேறும். நடுவில் புகுந்த ஆட்டோவும், கைகாட்டிச் சிரித்த நண்பரும் இப்படித்தான் மறைகிறார்கள். அடுத்த படத்தில் அவர்கள் அங்கே இருப்பதில்லையே!

யார் எங்கே நின்று எடுத்தார்கள் என்பதையும் கணினிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கேமராக்களின் இடம், கட்டடத்தின் புள்ளிகள் இரண்டையும் சேர்த்தே ஊகிக்கும், படத்தோடு ஒப்பிடும், பிழை குறையும்வரை திருத்திக்கொண்டே போகும். 2009-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சமீர் அகர்வால் குழு, ரோம் நகரில் பயணிகள் எடுத்து இணையத்தில் போட்ட 1,50,000 படங்களை இப்படிக் கோத்து, கொலோசியம் உள்ளிட்ட கட்டடங்களை ஒரே நாளுக்குள் எழுப்பிக் காட்டியது. அந்தப் பயணிகளில் யாரும் இதற்காகப் படமெடுக்கவில்லை.

கட்டடமே இல்லாமல் போன பின்பும் இது கைகொடுக்கும். ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001-இல் தகர்க்கப்பட்டன. அவற்றில் பெரியதை 1970-இல் எடுத்த படங்களிலிருந்தும், இணையத்தில் கிடைத்த படங்களிலிருந்தும் சூரிக் ஆய்வாளர்கள் கணினியில் மீட்டெடுத்தார்கள். செனட் ஹவுஸுக்கு அருகிலேயே, சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி 2012-இல் தீக்கிரையானதைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே அடுத்த நடையில் போட்டிப் படம் கிடைத்த பிறகும் கேமராவை மூடிவிடாதீர்கள். ஜூமைத் தொடாமல், இரண்டடிக்கு ஒன்றாகக் கட்டடத்தைச் சுற்றி எடுங்கள். ஒவ்வொரு மூலையும் குறைந்தது மூன்று படங்களிலாவது விழட்டும். பொன்னிற வெயிலைவிட மேகமூட்டம் உத்தமம். நிழல் நகர்ந்து கணினியைக் குழப்பாது. போட்டி நடுவர் ‘சப்பை’ என்று தள்ளும் படம்தான் இங்கே முதல் தரம். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டால் போதும். இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒன்று மட்டும் அந்தப் படங்களுக்குத் தெரியவே தெரியாது: அளவு. எழுந்து நிற்பது நிஜக் கட்டடமா, கொலுவில் வைக்கும் பொம்மையா என்று எத்தனை ஆயிரம் படங்கள் சேர்ந்தாலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வாசலின் அகலத்தை அளந்து கொடுத்தால், மற்ற எல்லா அளவுகளும் தானாக வந்துவிடும். கூட்டத்தில் முப்பது கேமராக்கள் இருக்கட்டும். ஒருவர் பையிலாவது ஒரு டேப் இருக்கட்டும்.