பங்குனி ஆமையும் சித்திரைக் கொன்றையும் – இயற்கை ஆர்வலர் கழகங்களின் இளவேனில் உலாக்கள்

வகுப்பில் குறிஞ்சிப்பாட்டு நடத்தும்போது, கபிலர் அடுக்கிக் கூறும் 99 பூக்களின் பெயர்களை மாணவர்கள் தடையின்றி ஒப்பிக்கக் கேட்டு நாம் மகிழ்ந்ததுண்டு. ஆயின் அவற்றுள் பத்துப் பூக்களையேனும் மரத்திலோ கொடியிலோ காட்டுக எனக் கேட்டால், மாணவர் மட்டுமன்றி ஆசிரியராகிய நாமும் விழிக்க நேரும். பெயர் நம் நாவில் இருக்கிறது. பெயருக்குரிய பொருளோ நம் கண்ணில் இல்லை. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, இயற்கை ஆர்வலர் கழகங்கள் நடத்தும் உலாக்களில் கலந்துகொள்ளுதல். அக்கழகங்கள் எவ்வாறு தோன்றின, இளவேனிலை ஒட்டி எங்கே செல்கின்றன, என்ன செய்கின்றன, தமிழ் பயில்வோர்க்கு அவற்றில் என்ன பங்கு உண்டு என்பவற்றைச் சென்னை வட்டாரத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

கழகங்களின் தோற்றம்

ஊர்ப்பொதுமக்கள் ஒன்றுகூடித் தம் வட்டாரத்துச் செடிகொடிகளையும் விலங்கு பறவைகளையும் நேரில் கண்டு குறிக்கும் கழகங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, 1831இல் இங்கிலாந்து – ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் மருத்துவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் முயற்சியால் அமைந்த பெரிக்சயர் இயற்கை ஆர்வலர் கழகமாகும். குறித்த நாளில் ஓரிடத்தில் கூடுதல், நடந்து சென்று காணுதல், கூடி உண்ணுதல், கண்டவற்றை எடுத்துரைத்தல், அவற்றை அச்சிட்டு வைத்தல் என்பனவே அதன் நடைமுறை. இன்றைய கழகங்களும் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

நம் நாட்டில் 1883இல் எண்மர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இத்துறையில் மூத்தது. அதன் வாயிலில் 1908ஆம் ஆண்டளவில் ஒரு சிறுவன் தயங்கி நின்றான். அவன் கையில் தான் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் காணப்பட்டது எதனால் என்பது அவன் ஐயம். செயலாளராக இருந்த மில்லார்டு அவனைப் புறக்கணிக்கவில்லை. பறவையின் பெயரைக் கூறியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் நிறைந்த பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவையியலின் தலைமகனாக விளங்கிய சாலிம் அலி (1896–1987). கேட்டு வரும் இளைஞனுக்குப் பேழையைத் திறந்து காட்டும் ஒருவர் இருந்தால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சென்னையில் 1978இல் இயற்கை ஆர்வலர் சங்கம் ஒன்று அமைந்தது. 1988இல் மாணவர்களே முன்னின்று கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். இவற்றில் சேர அறிவியல் பட்டம் வேண்டுவதில்லை. நடக்கும் கால்களும், பொறுமையும், ஒரு குறிப்பேடும் போதும்.

கடற்கரையில் ஓர் இரவு

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது தமிழ் மரபு. ஆயினும் அதற்கான உலாக்கள் பின்பனிக் காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் தலையாயது கடலாமை உலா. 1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் கடலாமைக் கூடுகளைத் தேடி இக்கரையில் இரவில் நடந்தனர். அப்பணியை இன்று மாணவர் அமைப்பு தொடர்ந்து செய்துவருகிறது. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவை நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு நடந்து கடக்கின்றனர். கைவிளக்குக்கும் பேச்சொலிக்கும் இடமில்லை. ஒளி கண்டால் கரையேற வரும் தாய் ஆமை கடலுக்கே திரும்பிவிடும்.

முன் செல்பவர் தேடுவது ஆமையை அன்று, அதன் தடத்தை. ஈர மணலில் வண்டிச் சக்கரம் உருண்டாற்போன்ற தடம் மேலேறிச் சென்றிருந்தால், அதன் முடிவில் கூடு இருக்கலாம். குடம்போல் அடி அகன்ற குழியில், ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் தாய் திரும்பிவிடுகிறது. நாய்களாலும் மனிதராலும் முட்டைகள் அழியாதிருக்க, அவற்றை எடுத்துச் சென்று, பாதுகாப்பான வேலிக்குள் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கின்றனர். 45 நாள் முதல் 60 நாளுக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது மணலின் வெப்பம் என்பது வியப்பிற்குரியது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகும். வெளிவந்த குஞ்சு ஒளி மிகுந்த திசையை நாடிச் செல்லும் இயல்பினது. இயற்கையில் அத்திசை கடலாக இருந்தது. இன்று தெருவிளக்குகள் அதனைச் சாலைப் பக்கம் இழுக்கின்றன. ஆதலின் கடலில் சேர்க்கும் வரை அன்பர்கள் உடன் நிற்க வேண்டியுள்ளது.

இவ்வாமையைக் கரையோர மக்கள் 'பங்குனி ஆமை' என அழைக்கின்றனர். தை முதல் பங்குனி வரை முட்டையிட்டு, பங்குனி சித்திரையில் குஞ்சு பொரிக்கும் உயிருக்கு இதனினும் பொருத்தமான பெயர் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கரையில் நின்று கண்டவர் எழுதாமல் எழுதி வைத்த குறிப்பே அப்பெயர். இயற்கை ஆர்வலர் ஒருவர் தம் ஏட்டில் நாளும் இடமும் குறிப்பதும், மீனவர் ஆமைக்குப் பங்குனியின் பெயரை இட்டதும் ஒரே தன்மையான செயல்கள் என்பது நம் கருத்து.

ஏரிக்கரையில் ஒரு காலை

மாசி, பங்குனியில் கழகங்கள் நாடும் மற்றோரிடம் வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியை முதலில் காத்தவர்கள் அரசினர் அல்லர், அவ்வூர் உழவர்களே. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, கலெக்டர் லயனல் பிளேசு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கினார். 2022இல் வேடந்தாங்கல், பன்னாட்டுச் சிறப்புடைய நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

பருவ முடிவில் அங்குச் செல்வோர் வருகையையும் பிரிவையும் ஒருங்கே காணலாம். ஒருபுறம் நாரைக் குஞ்சுகள் கூட்டின் விளிம்பில் நின்று சிறகடித்துப் பழகும். மறுபுறம் வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள் நாளுக்கு நாள் குறைந்துவரும். இங்கும் பெயர்கள் நமக்குப் பாடம் சொல்கின்றன. நத்தையைக் குத்தி உண்பது நத்தைகுத்தி நாரை. நீருக்கு மேல் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. வளைந்த அலகுடையது அரிவாள் மூக்கன். ஆள் வருவதைக் கூவி அறிவிப்பது ஆள்காட்டி. ஒவ்வொரு பெயரும் உணவையோ உருவையோ செயலையோ கண்டு வைத்தது. ஏட்டில் மட்டும் படித்தவர்க்கு அது வெறுஞ்சொல். கரையில் நின்று கண்டவர்க்கு அது விளக்கவுரை.

கல்லூரி வளாகத்தில் ஒரு மரம்

தொலைவு செல்ல இயலாதவர்க்கு வளாகத்து மரமே போதும். மாசியில் இலையுதிர்த்த புங்கமரம் பங்குனியில் இளந்தளிர் விடுவதையும், வேம்பு பூப்பதையும், சித்திரையில் சரக்கொன்றை பொன்னிறச் சரங்களாய்த் தொங்குவதையும் நாள் தவறாது குறித்துவரலாம். ஒரு மரத்தைத் தேர்ந்து, தளிர், மொட்டு, பூ, காய் ஆகியவற்றை வாரந்தோறும் பதிவு செய்யும் 'சீசன்வாட்ச்' என்னும் முயற்சி 2010 முதல் நம் நாட்டில் நடைபெற்றுவருகிறது. பள்ளி மாணவர் பலர் இதில் ஈடுபட்டுள்ளனர்.

தமிழாய்வுக்கும் இதில் இடமுண்டு. சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்தின் அடையாளமாக வருகிறது. பருவமல்லாப் பருவத்து மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது எனத் தோழி தலைவியைத் தேற்றும் பாட்டு குறுந்தொகையில் உண்டு. நாம் காணும் சரக்கொன்றையோ கோடையில் மிகுதியாகப் பூக்கிறது. இவ்வேறுபாட்டை நூலகத்தில் அமர்ந்து மட்டும் தீர்க்க இயலாது. பல ஊர்களில் பல ஆண்டுகள் ஒரே மரத்தைக் குறித்து வருவோரே இதற்குச் சான்று தர வல்லவர். பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியத்துச் செடிகொடிகளையும் பறவைகளையும் பற்றி எழுதிய நூல்கள், இலக்கியப் புலமையும் நேர்க்காட்சியும் இணைந்தால் உரை எத்துணைத் தெளிவு பெறும் என்பதைக் காட்டுகின்றன.

குறிப்பேட்டின் பயன்

உலா என்பது பொழுதுபோக்கு அன்றோ எனச் சிலர் வினவலாம். நாள், நேரம், இடம், கண்ட உயிர், எண்ணிக்கை ஆகிய ஐந்தும் குறிக்கப்படின் அது பொழுதுபோக்கைக் கடந்து ஆவணமாகிறது. பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பிப்ரவரியில் கல்வி வளாகங்களில் நடைபெறும் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்தாலே போதும். இத்தகைய சிறு குறிப்புகள் சேர்ந்தே 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை உருவாயிற்று. 30,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அளித்த ஏறத்தாழ மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டு 942 பறவையினங்கள் ஆராயப்பட்டன. அவற்றுள் 178 இனங்கள் உடனடிக் கவனத்திற்கு உரியவை எனக் கண்டறியப்பட்டன. சம்பளம் பெறாத கண்கள் கூடிச் செய்த பணி இது.

இழப்பை அறியவும் இக்குறிப்புகளே துணை. 2025 சனவரியில் சென்னையையும் அதனை அடுத்த கடற்கரைகளையும் ஒட்டி நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை வலையில் சிக்கி மேலே வர இயலாதபோது மூச்சுத் திணறி இறக்கிறது. கரையை ஒட்டி இழுவைப் படகுகள் தொழில் செய்தலாகாது என விதி உண்டு. விதி மட்டும் இருந்தால் போதாது என்பதை அவ்வுடல்கள் உணர்த்தின. அவ்வாண்டின் இழப்பு வழக்கத்தினும் பன்மடங்கு மிகுதி என்று கூற முடிந்தது எவ்வாறு? ஆண்டுதோறும் இரவில் நடந்து எண்ணி வைத்தவர்கள் இருந்தமையால் அன்றோ! எண்ணாத ஊரில் இழப்பும் தெரிவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

பங்குனியில் ஆமை வாராது போகுமாயின், 'பங்குனி ஆமை' என்னும் சொல் அகராதியில் இருந்தும் பொருளற்றதாகிவிடும். உயிரைக் காப்பதும் சொல்லைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் அல்ல. ஆகவே தமிழ்த்துறையினராகிய நாம் சிலவற்றை மேற்கொள்ளலாம். மாணவர்கள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்து குறிப்பேடு தொடங்கலாம். ஆசிரியர்கள் திணையும் கருப்பொருளும் நடத்தும் வாரத்தில் ஒரு நாளேனும் வகுப்பை வெளியே நடத்தலாம். கடலோடும் வயலோடும் பழகிய பெரியோர்கள், தாம் அறிந்த பறவை, மீன், செடி ஆகியவற்றின் பெயர்களையும் அப்பெயர் வந்த காரணத்தையும் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். அகராதியில் ஏறாத பெயர்கள் இன்னும் அவர்களிடம் எத்தனையோ உள்ளன.

மூன்றாண்டு பயின்று வெளியேறும் மாணவர் தம் குறிப்பேட்டை அடுத்து வருவோரிடம் ஒப்படைத்துச் செல்லட்டும். பத்தாண்டுகளில் அது நம் வளாகத்தின் வரலாறாகும். வரும் சித்திரையில், நூலக வாயிலில் நிற்கும் கொன்றை முதற்பூ விட்ட நாளை யாரேனும் ஒருவர் எழுதி வைத்தால், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.