தேயிலைத் தொழிற்சாலையிற் காற்றுக்கசிவு: அளவீடும் பொறுப்பும்

பதுளையிலிருந்து பசறை, ஹாலி-எல, அப்புத்தளை ஆகிய திசைகளிற் செல்வோர் மலைச்சரிவுகளிடையே காணும் பல மாடித் தேயிலைத் தொழிற்சாலைகளைத் தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றே வழங்குவர். மலையகம் பற்றிய எமது எழுத்துக்களிற் கொழுந்து மலையும் லயமும் தராசும் பெற்ற இடத்தை ஸ்டோரின் உட்புறம் பெறவில்லை. அங்கு நிகழும் ஒரு சிறு விடயத்தையே இங்கு நோக்குகின்றோம்.

முக்காற்பங்கு நீரைக் கொண்ட பச்சைக் கொழுந்து, உருட்டப்படுவதற்கு முன்னர் வாட்டப்படல் வேண்டும். நீண்ட தொட்டியொன்றின் மேல் வலை விரித்து அதிற் கொழுந்தைப் பரப்புவர். ஒரு முனையிலுள்ள விசிறி வலைக்குக் கீழே காற்றைச் செலுத்த, அது கொழுந்தினூடாக மேலெழுந்து ஈரத்தைக் கொண்டு செல்லும். கீழறையின் அமுக்கத்தை அறிய, அங்கிருந்து ஒரு றப்பர்க் குழாயை எடுத்து, நீர் நிரப்பிய வளைகுழாயான நீர்மானியின் ஒரு புயத்தில் இணைக்கலாம். மறுபுயம் திறந்திருக்கும். இரு புயங்களின் நீர்மட்ட வேறுபாடே அமுக்கத்தின் அளவாகும்.

மட்டம் தாழ்ந்து காணப்படின் காரணம் யாது? விசிறி தளர்ந்திருக்கலாம், தொட்டியின் பலகை இடுக்குகள் காற்றை வெளியே விடலாம், கொழுந்து ஓரிடத்தில் மெலிதாகப் பரப்பப்பட்டு, காற்று அவ்வழியே தப்பிச் செல்லலாம். இவை எவையுமின்றி, றப்பர்க் குழாயிலேயே ஒரு வெடிப்பு இருக்கலாம். நான்கும் நீர்மானியில் ஒரே தோற்றத்தையே தருகின்றன. ஆயினும், முதலிற் குற்றஞ்சாட்டப்படுபவர் கொழுந்தைப் பரப்பிய தொழிலாளியே.

ஆதலாற் குழாயை முதலிற் சோதித்தல் முறையாகும். விசிறியை நிறுத்தி, குழாயின் தொட்டிப்பக்க முனையிற் சிறிய றப்பர்க் குமிழால் நீர்மட்டத்தை உயர்த்தியபின் அம்முனையை இறுக்கி மூடவேண்டும். வாயால் ஊதுதல் தகாது. வெப்பமான மூச்சுக் குளிர்ந்து சுருங்க, கசிவில்லாதபோதும் மட்டம் இறங்கும். மட்டம் நிலைத்து நின்றாற் குழாய் குற்றமற்றது. இறங்கின், குழாயை நடுவில் நெரித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போது இறக்கம் நின்றுவிடின் கசிவு நெரித்த இடத்திற்கும் தொட்டிக்கும் இடைப்பட்டது; தொடரின் நீர்மானிப் பக்கத்தது. இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கிச் சென்று, இறுதியிற் சவர்க்கார நீரைத் தடவினாற் குமிழி இடத்தைக் காட்டிவிடும். தொட்டியின் இடுக்குகளுக்கு ஊதுபத்திப் புகையே சாலும். விசிறி ஓடுகையிற் புகை வெளிப்புறமாகச் சிதறும் இடமே கசிவிடம்.

ஊவாவின் பருவநிலையும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றிற் கொழுந்து எளிதில் வாடுமாதலாற் கசிவு மறைந்து கிடக்கும். வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஈரக்காற்றில் அதே கசிவு வாட்டத்தைத் தாமதிக்கச் செய்யும். பல மாதங்களாக இருந்துவந்த குறைபாடு, மழைக்காலத்து இரவுவேலைக்காரரின் கவனயீனமாகத் தோன்றுவது இவ்வாறே.

தம் வீட்டிலேயே சிறு விமானம் கட்டுவோரும் இச்சோதனையையே செய்கின்றனர். அவர்களுடைய உயரமானிக்கும் வேகமானிக்கும் வெளிக்காற்றின் அமுக்கத்தைக் குழாய்களே கொண்டு செல்கின்றன. அமெரிக்க வான்போக்குவரத்து விதிகளின்படி, அமுக்கம் பேணப்படாத சிறு விமானங்களில், உயரமானி 1,000 அடி கூடுதலாகக் காட்டுமளவிற்குக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சியபின், 1 நிமிடத்தில் இழக்கப்படும் உயரம் 100 அடியை மிஞ்சலாகாது. அங்கு குழாயைப் பொருத்துபவர், அளவை வாசிப்பவர், அது பொய்த்தால் உயிரிழப்பவர் மூவரும் ஒருவரே. எனவே குழாயைக் கழற்றிப் பார்க்க அவர் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. ஸ்டோரில் அளவுக்குப் பொறுப்பேற்பவருக்குக் குழாயைக் கழற்றும் உரிமை இல்லை. 'மூலதனம்' மூன்றாம் பாகத்தில் மாறா மூலதனத்தைச் சிக்கனப்படுத்தல் பற்றி மார்க்ஸ் ஆராய்வதை இங்கு நினைவுகூரலாம்: கருவியிற் செய்யப்படும் சிக்கனத்தின் சுமை அதனோடு உழைப்பவர்மேல் விழுகிறது.

மலையிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையோ தவறாது நிறுக்கப்படுகிறது. குறித்த அளவு எட்டாவிடின் அவளுக்கு முழுப்பேர் இல்லை. ஈரத்திற்கெனவும் நிறை கழிக்கப்படும். அவள் கொணர்ந்த கொழுந்து தொட்டியிற் கெடுமாயின் அவ்விழப்பு எவருடைய பேரிலும் சரியாக எழுதப்படுவதில்லை. வாட்டத் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எழுதும் ஏட்டிலே, குழாய் சோதிக்கப்பட்ட நாளுக்கும் சோதித்தவரின் ஒப்பத்திற்குமாக மேலும் ஒரு நிரல் கீறப்படல் வேண்டும். அந்த ஏடு தொழிலாளியின் பார்வைக்கும் திறந்திருத்தல் வேண்டும்.